காது உடைந்த இரும்புச் சட்டி

சித்தூர், 1956

அம்மாவுக்கு மேரியின் ஸ்தோத்திரம். நைனாவுக்கு இருமல் குறைந்ததா? நான் சுகமே.

சனிக்கிழமை நீங்கள் சொன்னபடியே உருளைக்கிழங்கை அரைவேக்காடாக அவித்து, ஈரம் துடைத்து, கிளறாமல் எண்ணெயில் முறுகவிட்டேன். அடி சிவக்கும் நேரத்தில் தெருவில், சித்தூர் எந்த மாநிலத்துக்கு என்று எல்லைத் தகராறு. கல்லும் தடியுமாய்க் கூட்டம். தாழ்ப்பாள் தெறிக்க ஒருவன் உள்ளே பாய்ந்தான். கொதிக்கும் சட்டியாலேயே முகத்தில் அறைந்தேன். விழுந்த பிறகும் ஓங்கினேன்.

"அடிக்காதீங்க டீச்சரம்மா, நான் எத்திராஜ்! என்னத் தொரத்திக்கினு வராங்க!"

பக்கத்து வீட்டுக்காரர். கட்டிலை நகர்த்திக் கதவை அடைத்தேன், கூட்டம் போய்விட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, பயப்படாதீர்கள்.

சட்டியின் காது உடைந்துவிட்டது; வேறொன்று அனுப்புங்கள். தீப்புண்ணுக்கு நைனா காய்ச்சும் எண்ணெயும் வேண்டும். எத்திராஜுக்கு ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. கூட்டம்தான் அடித்தது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். புருஷனைக் காப்பாற்றினேனாம், தினமும் எனக்குச் சோறு கொண்டுவருகிறாள்.

அவள்தான் கதவைத் தட்டுகிறாள், முடிக்கிறேன்.

மேரி