மலர் அடைத்த வாய்க்கால்

இஞ்சாருங்கோ,

உங்களை நான் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. இப்போதும் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

முரசுமோட்டையில் எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை இம்முறை பிந்தித்தான் திறந்தார்கள். வயலை நானும் என் தம்பியும் பார்க்கிறோம். வரம்பு கோணல்மாணலாக இருக்கிறது. கண்டால் ஒரு கிழமைக்கு என்னோடு கதைக்கமாட்டீர்கள்.

எழுத வந்தது மலரைப் பற்றி. காய்ச்சலில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது அவள் யாழ்ப்பாணத்தில் உங்கள் அக்கா வீட்டில் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை பயந்துவிடும் என்று எல்லோரும் சொன்னதால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் கூட்டிவந்தேன். வந்ததும், "அப்பா எங்கை?" என்றாள்.

"தண்ணி கட்டப் போட்டார்" என்றேன். பொய் சொல்ல நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நீங்கள் போன நாளெல்லாம் அவளுக்குச் சொன்ன பதில் அது. தானாக வாயில் வந்துவிட்டது. பிறகு திருத்தத் துணிவு வரவில்லை. அயலாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

என் நெற்றியில் பொட்டில்லாததைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல மெல்லக் கதைப்பதையே விட்டுவிட்டாள். நூல் கட்டினேன், பரியாரியிடம் காட்டி மருந்து கொடுத்தேன். ஏசியும் பார்த்தேன், மறைப்பானேன்.

போன கிழமை பாலர் வகுப்பு ரீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பிள்ளைகள் விரலால் ஆனா ஆவன்னா எழுதிப் பழகுகிற மணல் தட்டுக்கு முன்னால் மலர் தனியே இருந்தாள். எழுத்து ஒன்றுமில்லை. மணலில் வரம்பு கட்டி, பாத்தி பிரித்து, விரலால் வாய்க்கால் இழுத்திருந்தாள். வரம்பில் ஒரு புளியங்கொட்டை நின்றது. வாய்க்காலின் தலைப்பைக் கைநிறைய மணலால் அடைத்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

"முதல்நாள் நானும் ஏசினனான்" என்றார் ரீச்சர். "பிறகு பேசாமல் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்யிறா. நீங்களும் ஒருக்கா இருந்து பாருங்கோ."

இருந்து பார்த்தேன். மூன்றாம் தரமும் அவள் அடைத்தபோது கேட்டேன்: "ஏன் பிள்ளை வாய்க்காலை அடைக்கிறாய்?"

தலை நிமிராமல் சொன்னாள்: "தண்ணியை அடைச்சாத்தானே அப்பா வீட்டை வருவார்."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். சந்தோசப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தரையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "அப்பா இனி வரமாட்டார். அப்பா செத்துப்போனார். அம்மா பொய் சொன்னனான்" என்றேன்.

அவள் ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர், "ஓம் மலர், உண்மைதான்" என்றார். மலர் உள்ளங்கையால் மணலை வழித்துச் சமப்படுத்தினாள். அழுதது நான்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"என்னது?"

"தான் செத்துப்போனது."

"எனக்குத் தெரியேல்லையே" என்றேன்.

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லைத்தானே. அவருக்கும் சொல்லியிருக்கமாட்டியள்."

இனித் தப்பாது என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன பிறகு, உங்கள் கட்டிலடிக்கு வந்து, "நாளைக்கு வீட்டை போகலாமாம்" என்று சொன்னவள் நான். நீங்களும் நம்பி, வரப்போகும் தண்ணீர் முறையைப் பற்றிக் கதைத்தீர்கள்.

ஆகையால் இதைச் சொல்கிறேன். அடுத்த நாள் விடியும்போது, என் கை உங்கள் நெற்றியில் இருக்க, நீங்கள் செத்துப்போனீர்கள். வயலைப் பற்றி யோசிக்காதேயுங்கோ, தண்ணீரை நான் கட்டுவேன். மலர் எதைக் கேட்டாலும் இனி உள்ளதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கும் பிள்ளைக்கும் பொய் சொன்ன,
மலரின் அம்மா