எடை குறைந்தால் கைதட்டாதீர்கள்

பிப்ரவரி 3
எங்கள் பாக்சிங் ஜிம்மில் ஒரு பழக்கம். யாருக்கு எடை குறைந்தாலும் எல்லோரும் கைதட்டுவோம். இன்று என் அண்ணன் எடை மெஷினில் ஏறினான். எங்களுக்கு மாஸ்டரே அவன்தான், போட்டியில் இறங்குகிறவன் இல்லை, சும்மா ஏறினான். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ காலி! "மாஸ்டர், திரும்ப மாப்பிள்ளை ஆயிட்டீங்க" என்றாள் புல்டோசர். அந்தத் தடிச்சி என் எடைப் பிரிவில் இருப்பவள், என் பரம எதிரி. அவளையும் மிஞ்சி நான்தான் சத்தமாகத் தட்டினேன்.

பிப்ரவரி 19
அண்ணனுக்கு வயிற்றிலிருந்து முதுகுக்கு இழுக்கிறதாம். "எல்லாம் நீ விட்ட குத்துதாண்டி" என்று சிரித்தான். புதிதாகச் சர்க்கரை வேறு வந்திருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 7
நான் குத்திப் பழக அண்ணன் பேடு பிடித்து நின்றான். "ஓங்கி அடிடி, தூங்குறியா?" அடித்தேன். கை வழுக்கி வயிற்றில் இறங்கியது. சாதாரணக் குத்து, அதுபோல் ஆயிரம் வாங்கியவன். சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தான். தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் — கண் ரெண்டும் மஞ்சள். ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?

மார்ச் 12
அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஈரல்வரை பரவிவிட்டது.

என் குத்தால் வந்ததா என்று, எங்கள் போட்டிகளுக்கு வரும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "குத்தினா வர்றது இல்லம்மா. கணையம் இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்கும், லேசுல காட்டிக்காது. எடை குறைஞ்சது, முதுகுவலி, திடீர்னு சர்க்கரை... இதெல்லாம் அது காட்டின அடையாளம்."

அதற்குத்தானே கைதட்டினோம்! வீட்டுக்கு வந்து வெறுங்கையால் சுவரைக் குத்தினேன். மூட்டுத்தோல் உரிந்து சுவரெல்லாம் ரத்தம். போதவில்லை.

மே 28
அண்ணன் போய்விட்டான்.

ஜூன் 20
எடை மெஷினுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டினேன்: "சாப்பாட்டைக் குறைக்காமல் எடை குறைந்தால் கைதட்டாதீர்கள். முதுகுக்குப் பாயும் வயிற்றுவலியா? திடீர் சர்க்கரையா? கண் மஞ்சளா? உடனே டாக்டரிடம் போய்க் கணையத்தைப் பற்றிக் கேளுங்கள்."

ஜிம் முதலாளி கிழித்துப் போட்டார். "நோயைப் பத்தி எழுதி வச்சா எவன் இங்க சேருவான்?" சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் மண்டை சுவரில் மோதியது. புல்டோசர் என்னைப் பிய்த்து எறிந்தாள். "உன் ஒப்பாரியை வீட்ல வச்சுக்கோடி!"

இருடி. ரிங்குக்குள்ள வா. உன் எலும்பை எண்ணுறேன்.

ஜூன் 21
மறுபடி ஒட்டினேன். முதலாளி பார்த்தார், தலையைத் தடவிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 9


இன்று தேர்வுப் போட்டி. நானும் புல்டோசரும். ஜெயிப்பவள் சாம்பியன்ஷிப்புக்குப் போவாள். எடை பார்த்தபோது அவளுக்கு நாலு கிலோ குறைவு. "டயட்டே இல்ல, தானா இறங்கிடுச்சு" என்றாள். என் நோட்டீசுக்குக் கீழேயே நின்று எல்லோரும் தட்டினார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லது, பலம் குறைந்திருக்கும் என்று. அவ்வளவு வெறி எனக்கு.

முதல் சுற்றிலேயே அவள் உதட்டைக் கிழித்தேன். இரண்டாவதில் கயிற்றோடு சாய்த்து விலாவிலேயே மாற்றி மாற்றி இறக்கினேன். தாங்க முடியாமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். மூஞ்சிக்கு மூஞ்சி. கண்ணில் வெள்ளையே இல்லை. அதே மஞ்சள்.

என் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை. மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

நான் விழுந்து கிடக்க, பத்து எண்ணி முடித்தார்கள்; அவள் ஜெயித்துவிட்டாள். எழுந்ததும் அவள் பனியனைப் பிடித்து இழுத்தேன். தடுத்த நடுவரையும் தள்ளினேன். "வாடி ஆஸ்பத்திரிக்கு!"

"மூக்கு உடைஞ்சது உனக்குடி!"

"கண்ணாடியைப் பாருடி எருமை!"

டாக்டரம்மா பஞ்சோடு என்னிடம்தான் ஓடிவந்தார். "என்னை விடுங்க, இவ கண்ணைப் பாருங்க" என்றேன்.

ஆகஸ்ட் 14
ஸ்கேனில் கட்டி. கணையத்தில்தான். சின்னது, பரவவில்லை. வெட்டி எடுக்கலாமாம். புல்டோசர் என்னை ஓங்கி அறைந்தாள். திருப்பி அடிக்கவில்லை. அப்புறம் என் தோளில் விழுந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 2
புல்டோசர் ஜிம்முக்கு வந்தாள். வயிற்றில் நீளமாகத் தழும்பு. ஆள் பாதி. மருந்து இன்னும் ஏற்றுகிறார்கள், பிழைத்துவிட்டாள் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

"சாம்பியன்ஷிப் போச்சேடி, எனக்கும் இல்ல, நடுவரைத் தள்ளின உனக்கும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே மெஷினில் ஏறினாள். எல்லோரும் நோட்டீசைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றோம். போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட முந்நூறு கிராம் கூடுதல்.

முதலாளிதான் முதலில் தட்டினார். நான் அண்ணனுக்குத் தட்டியதைவிடச் சத்தமாகத் தட்டினேன்.