நான் நடக்காத பெர்லின்

டிசம்பர் 3

நான்தான் எழுதுகிறேன், வேறு யார்? பெர்லின் தெருக்களை நெய்வேலியில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். இசைப்பிரியா அக்கா, பெரியப்பா மகள், அங்கே மேல்படிப்பு படிக்கிறாள். ஊரின் வரலாற்றைத் தெரு, சதுக்கம், குடியிருப்பு வழியாகப் படிக்கிற பாடம். வாராவாரம் ஓர் இடத்தில் நடந்துவிட்டு நாலு பக்கம் எழுத வேண்டும். அவள் நடப்பதில்லை. குளிராம். அவளுக்காக நான் போனில் தெருப்படத்தைத் தள்ளித் தள்ளி நடந்து எழுதிக் கொடுக்கிறேன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவனுக்கு இது ஒரு பொழப்பு. த்தூ.

டிசம்பர் 8

பெர்லின் சுவர் நின்ற இடத்தில் தரையில் இரட்டை வரிசைக் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் எவனோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தான். எழுதினேன். அக்கா அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டாள். டீசன்ட்டாக இல்லையாம்.

டிசம்பர் 11

இந்த வாரம், ஒரு கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கட்டிய காலனி. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், நடுவில் மரம். எங்கள் டவுன்ஷிப் பிளாக்கேதான். படத்தைப் பார்க்காமலே மூன்று பக்கம் ஓடியது.

கூடத்தில் அப்பா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம். போன ஆகஸ்ட்டில் ரிட்டயர். இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் பார்த்திருக்கும் வீட்டில் ரெண்டு ரூம். ஒன்றில் ஜன்னலே கிடையாது.

டிசம்பர் 19

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஒரு வரியைச் சுற்றி வட்டம். 'தொழிலாளி ஓய்வு பெற்றதும் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிடும்' என்று எழுதியிருக்கிறேன். இதற்கு ஆதாரம் எங்கே என்று அவள் பேராசிரியை கேட்டிருக்கிறார்.

ஆதாரம் கூடத்துல குந்திகினு சாக்கு தைச்சிகினு இருக்காரு.

அக்கா போனில் கத்தினாள். "இங்க யாரும் தொரத்தறதில்லடா. உன் வூட்டுக் கதைய ஏண்டா எம் பேப்பர்ல ஒட்ற?"

பெரியப்பா மைன்ஸ்லேர்ந்து ரிட்டயர் ஆனப்ப இதே மாதிரி சாக்கு தைச்சவதான் அவளும். மறந்துட்டாளா?

அதைவிடக் கேவலம் நான். அதற்கு ஆதாரம் வேண்டும் என்றே தோன்றவில்லையே. வேலை போனால் வீடும் போகும், அவ்வளவுதான் என்று எப்போது பழகினேன்?

டிசம்பர் 24

அக்கா முதல் தடவையாக அந்தக் காலனிக்கு நேரில் போயிருக்கிறாள். போட்டோ அனுப்பினாள். ஜன்னலில் ஒரு கிழவர். அவர் அப்பா அந்தக் கம்பெனித் தொழிலாளியாம். இவர் பிறந்ததே அந்த வீட்டில்தானாம். கீழே, 'திருத்திக் குடுடா, ப்ளீஸ்.'

அப்பாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "சொந்த வூடு மாதிரி பெயின்ட் அடிச்சி வெச்சிருக்காரு பாரு" என்றார். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

எரியுது.

டிசம்பர் 30

குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து லிஸ்ட்டோடு ஒரு ஆள் வந்து வீட்டைச் சரிபார்த்தார். ஆணி ஓட்டைகளை அப்பா பற்பசையால் அடைத்து வைத்திருந்தார். இத்தனை வருஷம் இருந்த வீட்டில், திருடன் மாதிரி.

டிசம்பர் 31

அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்: அந்த வரியை நீயே எடுத்துவிடு, இனிமேல் பெர்லினில் நீயே நட.

காலையில் எங்கள் பிளாக்கைச் சுற்றி நடந்தேன். போன் இல்லை, நோட்டு மட்டும். மூன்று பக்கம் வந்திருக்கிறது. யாராவது ஆதாரம் கேட்டால் —

மினி லாரி வந்துவிட்டது. அப்பா பீரோவைத் தனியாகத் தூக்கப் பார்க்கிறார். போகணும்.