பிறந்ததற்கு யார் சாட்சி

பாப்பாவின் அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன்.

இங்கே இருக்கும் நம் தூதரக ஆபீசுக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனேன். பிறப்புச் சான்றிதழைவிடப் பள்ளிச் சான்றிதழில் எனக்கு ஒரு வயது கூடுதல். சீக்கிரம் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிச் சொன்னது. ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்து நான் அதைச் சரிக்கட்டிவிட்டேன்.

"ரெண்டுல எது நீங்க? நம்ம நாட்டுலதான் பொறந்தீங்கன்னு யாரு சாட்சி?" என்றார் அதிகாரி.

"இதோ நிக்கிறேனே சார்!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். என்னோடு ஒருவர் சிரித்து வெகுநாளாயிற்று.

பயப்படாதே. சாட்சி கிடைக்கும்வரை ஊருக்கு வர முடியாது, அவ்வளவுதான். இவனைப் பெற்றவள் நான்தான் என்று என் அம்மாவிடம் எழுதி வாங்கி அனுப்பு. அதே உறையில் நாம் எல்லோரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றும் வை. ஆபீசில் அதைக் கேட்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்