கறுப்பு பீரும் கழுவிய கிளாஸும்

பிப்ரவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு வைராக்கியம் என்றால் நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான்.

கடை விஷயம் சொல்கிறேன். நீ போன பிறகும் நம் கறுப்பு பீர், அந்த ஸ்டவுட், தேறவில்லை. நான் ஊற்றுவதில் குறை கிடையாது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் வரை விடுகிறேன். கவுண்டரில் வைத்துவிட்டு, பழுப்பு அலை அடங்கி, கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகப் பிரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிறகுதான் நிமிர்த்திப் பிடித்து மீதியை நிரப்புகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆயிரம் கிளாஸைக் கெடுத்துக் கற்றது. ஆனாலும் இரண்டு வாய் குடிப்பதற்குள் நுரை செத்துவிடுகிறது. தச்சர் நேற்று, "என்னம்மா, ஆறிப்போன காப்பியா இது?" என்றார். முப்பது வருஷ வாடிக்கை. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

பீப்பாய்க் குழாயைப் புது ஆள் மூன்று தடவை கழுவிவிட்டான். நீ அதை என்ன செய்து வைத்தாய்? அன்று எல்லோர் முன்னாலும் உன்னை "குழாயைக் கழுவாத சோம்பேறி" என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். அதற்காக ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஊரைவிட்டே போவார்களா?

உன் ஸ்வெட்டர் இங்கேயே கிடக்கிறது. குளிருக்கு என்ன போடுகிறாய்?

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சண்டை போடவாவது எழுதினாயே.

குழாயை வாரம் தவறாமல் கழுவினேன். அன்றே சொன்னேன், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளாஸைப் பார். குடிக்கக் குடிக்க நுரை ஒட்டாமல் வழுக்கி இறங்கினால் கண்ணாடியில் பிசுக்கு இருக்கிறது. சுத்தமான கிளாஸ் என்றால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வெள்ளை வளையம் நிற்கும்.

கை வெடிக்கிறதென்று போன கோடையில் சோப்பை மாற்றினாயே, கொழகொழவென்று, மணமாக? அந்த மாதம்தான் நுரை படுத்தது. ஒரு கிளாஸை உப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கவிழ்த்துக் காயவை. துணியால் துடைக்காதே. இன்னொன்றை உன் சோப்பில் கழுவு. ஒரே குழாயில் இரண்டிலும் ஊற்று.

ஸ்வெட்டர் இங்கே ஒன்று வாங்கிவிட்டேன்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

உன் வாயை அடைக்கத்தான் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைந்திருந்த நேரம். தச்சர், வாத்தியார், அன்று நான் கத்தியதைக் கேட்ட அத்தனை பேரும் இருந்தார்கள். "என் தம்பியோட கெட்டிக்காரத்தனத்தை இப்ப பாருங்க" என்று இரண்டு கிளாஸிலும் ஊற்றினேன்.

சோப்புக் கிளாஸில் நுரை வழக்கம்போல் படுத்துவிட்டது. உப்புக் கிளாஸில் விளிம்புக்கு மேலே ஒரு நூல் அளவு உயர்ந்து, பாலாடை மாதிரி நின்றது. தச்சர் அதைத்தான் எடுத்தார். மீசையைக்கூடத் துடைக்காமல் குடித்தார். காலியானபோது கிளாஸில் ஏழு வளையம். வாத்தியார் எண்ணினார். எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டேன். முதலில் உதட்டில் மெத்தென்று நுரை, அதைத் துளைத்துக்கொண்டு வறுத்த தானியத்தின் கசப்பு. எனக்கே மறந்துபோயிருந்தது.

கிளாஸைக் கீழே வைத்தேன். "குழாய் சுத்தமாத்தான் இருந்திருக்கு. கோளாறு என் சோப்புல." கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். எங்கே சொன்னேனோ அங்கேயே திருப்பி எடுத்துக்கொண்டாயிற்று. அந்தச் சோப்பு குப்பைக்குப் போய்விட்டது. கை மறுபடி வெடிக்கிறது, வெடிக்கட்டும்.

முக்கால் ஊற்றிவிட்டு நிற்கிற அந்த இரண்டு நிமிஷம்தான் போகமாட்டேன் என்கிறது. முன்பு கீழறையில் நீ பீப்பாய் உருட்டுகிற சத்தம் கேட்கும். "மெதுவாடா" என்று கத்துவேன். இப்போது புது ஆள் மெதுவாகத்தான் உருட்டுகிறான்.

போதும், வா.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கழுவும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்.

நான் வரவில்லை. சோம்பேறி என்றாயே, அதற்காக இல்லை. பத்தொன்பது வருஷம் உன் கடையில் பீப்பாய் தூக்கினேன். ஒரு நாள்கூட ஒரு கிளாஸ் ஊற்ற விட்டதில்லை. கை நீட்டினால், "நீ கீழே போய் உன் வேலையப் பாரு" என்பாய். இங்கே சேர்ந்திருக்கிற கடையில் கவுண்டரில் நான்தான் நிற்கிறேன். நன்றாக ஊற்றுகிறேன் என்று சொல்கிறார்கள்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

ஒரு வாரமாக உன் கடிதத்தோடு சண்டை போட்டேன். நீ அவசரக்காரன், உனக்குக் கை நிற்காது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கவுண்டரில் விட்டால் என்னைவிட நன்றாக ஊற்றிவிடுவாயோ என்று பயம். அவ்வளவுதான். இதை வாத்தியாருக்கு எழுதித் தொலைக்காதே.

இனி வா என்று கேட்கமாட்டேன். அடுத்த வியாழக்கிழமை கடைக்குப் பூட்டு. கதவில் அட்டை தொங்கவிட்டேன். "யாராவது போயிட்டாங்களாம்மா?" என்று பதறினார் தச்சர். நான்தான் போகிறேன் என்றேன். காலை ரயில், மத்தியானம் உன் கடையில் இருப்பேன்.

கவுண்டருக்கு வெளியே, குடிக்க வருகிறவர்கள் உட்காருகிற பக்கம் எனக்கு ஒரு இடம் வை. ஒரு பெரிய கிளாஸ் நிறைய ஸ்டவுட் ஊற்று. வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நீ நிரப்பி என் முன்னால் வைக்கும்வரை, இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருக்கிறேன்.

அக்கா