பங்கில்லாத பண்டி வேட்டை

வென்ட்வேர்த்வில்,
ஒக்டோபர் 2003

அன்புள்ள தவமலருக்கு,

உன்ர முழங்கால் நோவும் சின்னவளின்ர இருமலும் குறைஞ்சிருக்கும் எண்டு நம்பிறன். எனக்கு ஒரு குறையுமில்லை.

போன கிழமை எங்கட கராஜ் முதலாளி பிரெட்டும் அவன்ர கூட்டாளியும் என்னைக் காட்டுப்பண்டி வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். சிட்னியில இருந்து மேற்கால ஒரு நாள் ஓட்டம். ஒரே செம்மண் வெட்டை. வேட்டைக்காரராம்! வாகனத்தில பாட்டைப் போட்டு, உடம்பெல்லாம் சென்ட் அடிச்சு, கொளுத்திற வெய்யிலில வெட்டை வழிய பண்டி தேடுறாங்கள். பண்டிக்கென்ன விசரோ வெய்யிலில நிக்க? ரெண்டுபேரையும் வத்தின ஆத்துக்குள்ள இறக்கி, காத்து முகத்தில அடிக்கிற பக்கமா நடத்தினன். ஒரு அடிமரத்தில பண்டி உரஞ்சின சேறு இன்னும் காயேல்லை. பக்கத்துப் பத்தைக்குள்ளதான் படுத்திருந்தது. அது பாய்ஞ்சதில என்ர காற்சட்டைதான் கிழிஞ்சது, பயப்பிடாதை.

சுட்டாங்கள், படம் எடுத்தாங்கள், அப்பிடியே போட்டிட்டு வெளிக்கிட்டாங்கள். இறைச்சியில புழுவாம்! தூ, இதுவும் ஒரு வேட்டையோ? நான் ஒரு தொடையை வெட்டிக்கொண்டு வந்தன்.

நீ வறுத்த கறித்தூள் முடிஞ்சுது. ஆரும் இஞ்ச வந்தால் குடுத்துவிடு.

அறைக்கு வந்து, ஊர்ப் பழக்கத்தில இறைச்சியைப் பங்கு போட்டிட்டன்: சுட்டவனுக்கு, தடம் பாத்தவனுக்கு, உன்ர அண்ணைக்கு, பக்கத்து வீட்டு ரஞ்சினிக்கு. பிறகுதான் பாத்தன், கொண்டுபோய்க் குடுக்க நீயுமில்லை, வாங்க ஒரு வீடுமில்லை. எல்லாப் பங்கையும் திரும்ப ஒரே சட்டிக்குள்ள கொட்டினன்.

வேலைக்கு நேரமாச்சு.

உன்ர,
குலநாயகம்