கிர்பிக்குத் தைத்த சட்டை

ஹார்லன், சஸ்காட்செவன், கனடா
செப்டம்பர் 9

அன்பு மகன் டார்சிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, தம்பி, நாய் எல்லோரும் சுகம், அப்பாவின் முட்டியைத் தவிர. நீயும் கர்ஸ்டனும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாலு வரி எழுதிப் போட உன் கைக்கு நேரமில்லை. முன்பல் கட்டிக்கொண்டாயா இல்லையா, அதை முதலில் எழுது. போன தடவை அனுப்பிய போட்டோவில் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாய், அம்மா கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைப்பு. டென்மார்க்கில் பல் டாக்டரே கிடையாதா என்ன. கோதுமை பாதி வந்து சேர்ந்துவிட்டது, கனோலா இன்னும் வயலில்தான் நிற்கிறது, மழை வரும் வரும் என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் கடைக்குட்டி கிர்பியின் விஷயம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை நீ கர்ஸ்டனுக்குப் படித்துச் சொல்வாய் என்று தெரியும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்தக் கோடை முழுக்க நம் வீட்டில் பேச்சென்றால் கிர்பி எந்தப் பக்கம் போவது என்பதுதான். ஒரு பக்கம் மலைக்கு அந்தப்புறம் ஃபோர்ட் கார்லிங் ஐஸ் ஹாக்கி அணி. நீ போன அதே பெரிய ஜூனியர் லீக். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கி, குளிர்காலம் முழுக்க பஸ்ஸில் ஏறி இறங்கி எழுபது ஆட்டம் ஆடுவது. மறுபக்கம் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் க்ளென்வுட். சின்ன லீக்தான், ஆனால் வீட்டிலிருந்தே போய்வரலாம், பள்ளிக்கூடத்தை முடிக்கலாம், பிறகு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டே ஆடலாம். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கர்ஸ்டன் கவனமாகக் கேட்கட்டும். பெரிய லீக்கின் முகாமுக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி செய்தால் குற்றமில்லை. ஆனால் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஆட்டம், அது கணக்கில் வராத சும்மா ஆட்டமாக இருந்தாலும் சரி, ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரிகள் அவனைக் காசுக்கு ஆடுகிறவன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். அந்தப் பக்கம் போனவன் திரும்பி இந்தப் பக்கம் வரமுடியாது. இன்னும் மீசை முளைக்காத பையனுக்கு இப்படி ஒரு சட்டம்.

அப்பா ஆரம்பத்திலிருந்தே ஃபோர்ட் கார்லிங் கட்சி. "வெர்னா, பெரிய பசங்களோட மோதினாத்தான் இவன் தேறுவான், இங்கயே இருந்து சின்னப் பசங்களை ஏமாத்தி கோல் போட்டுக்கிட்டு இருந்தா கெட்டுப் போயிடுவான்" என்று காலையில் காபியோடு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதே பாட்டு. என் கட்சி வேறு. கிர்பி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான் டார்சி, போன வருஷத்துப் பேன்ட் இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, உயரம் வருகிறது, சதை வரவில்லை. இருபது வயதுக்காரர்கள் நடுவில் போய் நின்றால் கடைசி வரிசையில் போட்டு ராத்திரிக்கு ஏழெட்டு நிமிஷம் ஆடவிடுவார்கள், மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பக் வட்டு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். க்ளென்வுட்டில் என்றால் ஆட்டம் முழுக்க இறங்கி ஆடுவான், தப்புச் செய்வான், மறுபடி ஆடுவான், அதற்குள் எலும்பும் முற்றும். இதை நான் காபிக் கடையில் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்துப் பண்ணை லாய்ட் இருந்துகொண்டு, "என்ன வெர்னா, உன் பையன் ஹாக்கி மட்டைய வச்சுக்கிட்டு அல்ஜீப்ரா போடப் போறானா?" என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார். நான் விட்டேனா. "ஆமா லாய்ட், பஸ்ல எத்தனை மைல் ஏத்திட்டுப் போனாங்கன்னு அப்பதானே அவனே கணக்குப் போட்டுப்பான்" என்றேன். அதற்கப்புறம் மனிதர் டோனட்டைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலையில் ஃபோர்ட் கார்லிங் பயிற்சியாளர் ரீமர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆனால் வந்ததிலிருந்து கிர்பியைப் பார்த்ததைவிட என்னையும் அப்பாவையும்தான் அதிகம் பார்த்தார். அப்பாவின் ஷூ சைஸ் என்ன என்று கேட்டார். என்னிடம், "உங்க கூடப் பிறந்தவங்க எவ்வளவு உயரம்மா?" என்றார். கன்றுக்குட்டி வாங்க வந்தவர் தாய்ப்பசுவைச் சுற்றிச் சுற்றி வருவாரே, அப்படி இருந்தது. உன் மாமா வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்கிற உயரம் என்று சொன்னதும் இன்னொரு தட்டுப் பெரோகிக் கொழுக்கட்டை போட்டுக்கொண்டார். முகாமுக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார். போவதில் தப்பில்லை, இரண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிட வேண்டும், ஆட்டம் மட்டும் ஆடக் கூடாது, வீட்டுக்கு வந்து யோசித்து முடிவு செய்யலாம் என்று பேசி வைத்தோம். அப்பாவும் சரி என்றுதான் தலையாட்டினார். நடுவில் கிர்பி உனக்குப் போன் செய்து கேட்டானாம், நீ இரண்டுமே நல்ல வழிதான் என்று சொன்னாயாம். நன்றாக இருக்கிறது உன் யோசனை! பெண்டாட்டிக்கும் பெற்றவளுக்கும் நடுவில் மாட்டியவன்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவான்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணா, நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நீ போன வழியைக் குறை சொன்னால் எங்கள் மனசு நோகும் என்று பார்த்தாய். உன்னைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேட் பழக்கிக்கொண்டு, சனிக்கிழமை ஆடிக்கொண்டு, கர்ஸ்டன் மாதிரி ஒரு பெண்ணோடு சந்தோஷமாக இருக்கிறாய். ஆனால் உன்னை அந்த லீக்கில் மூன்று ஊருக்கு மாற்றினார்கள் அல்லவா, அதில் இரண்டாவது தடவை நடந்தது உனக்குத் தெரியாது. அணியிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நீ போன் செய்வதற்குள் அப்பா தானியத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது ரேடியோச் செய்தியில் உன் பெயரைக் கேட்டுவிட்டார், ஒரு கோல் கீப்பருக்குப் பதிலாக உன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே இருந்தாராம், பின்னால் வந்த லாய்ட்தான் இறங்கிப்போய்ப் பார்த்திருக்கிறார். அப்போது உனக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து வண்டியில் விளையாட்டுச் செய்தி வந்தால் அணைத்துவிடுவார், ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் கிர்பியையும் அங்கேயே அனுப்பத் துடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். அந்த லீக் சட்டை என்றால் அவருக்கு அப்படி ஒரு மயக்கம், உன்னுடையதை இன்னும் மாட்டித்தான் வைத்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை முகாம். அறுவடை நடுவில் மிஷினை நிறுத்திவிட்டு உங்கள் அப்பா எங்கேயாவது போனதாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பிறந்த அன்றைக்கே வயலை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்தத் தடவை சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், நானும் லாய்டுமாக வயலைப் பார்த்துக்கொண்டோம். சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. கிர்பி நன்றாக ஆடியிருக்கிறான், நினைத்ததைவிட நன்றாக, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறக்குகிறோம் என்று ரீமர் சொல்லிவிட்டாராம். அப்பா சொல்லும்போது குரலில் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. பையனிடம் கொடுங்கள் என்றேன். கிர்பி மூச்சுவிடாமல் பேசினான். "அம்மா, பதினேழாம் நம்பர்ம்மா, என் பேரை முதுகுல தச்சே வச்சிட்டாங்கம்மா, பெரிய எழுத்துல" என்றான். நான் என்ன சொல்ல முடியும், சொல். ஆடினால் கல்லூரி போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா. ஆடாதே என்று சொல்ல வாய் வரை வந்தது, ஆனால் அவன் குரலைக் கேட்டபின் முடியவில்லை. "நீயே யோசிச்சு முடிவு பண்ணு கண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்து அழுதேன். உன்னைப் பதினாறு வயதில் அனுப்பினேன், இவனையும் அனுப்ப வேண்டும், மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒரு பிள்ளையும் இருக்காது என்றுதான் அழுதேன், ஹாக்கிக்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடியும் போனில் கிர்பி. இந்தத் தடவை அழாத குறை. உடை மாற்றும் அறையில் பையைத் திறந்தால் ஸ்கேட்டைக் காணோமாம். அப்பா காலையில் அதன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிப் போயிருக்கிறார். பிறகு மழை வருகிறது, அறுவடை கெட்டுவிடும் என்று அவசர அவசரமாகக் கட்டிப்பிடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். ஸ்கேட் வண்டியிலேயே போய்விட்டது. மலைப்பாதையில் போகிறவரை எப்படிப் பிடிப்பது? அணியில் வேறு ஜோடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவன் ஸ்கேட்டில் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், குதிகால் ஒரு பக்கம் ஆடுகிறது, கட்டைவிரல் இடிக்கிறது, மூன்று சுற்றுக்குள் தோல் உரிந்துவிட்டது. ரீமர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, போய் மேலே உட்கார்ந்து பார் என்று அனுப்பிவிட்டாராம்.

மேலே நாற்காலியில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கும், காலடியில் இரண்டு பெட்டி. அன்று காலையில்தான் அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம், அவன் அப்பா வண்டி கொண்டுவருவதற்காகக் காத்திருந்திருக்கிறான். கிர்பி ஆடப் போட்டுக்கொண்ட சட்டையைக் கழற்றக்கூட மனமில்லாமல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பையன் நம்பரைப் பார்த்துவிட்டு, "இடது தோள்கிட்ட தையல் கொஞ்சம் உறுத்தும், உள்ளே ஒரு பனியன் போட்டுக்கோடா" என்றானாம். அவ்வளவுதான் சொன்னான். பிறகு தன் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை இவனுக்கும் நீட்டியிருக்கிறான். கீழே வந்து சட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், ஹ்னாட்டியுக் என்ற நம் குடும்பப் பெயரைச் சுற்றி, முன்னால் இருந்த பெயரைப் பிரித்தெடுத்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தனவாம். அதை இரண்டு தடவை சொன்னான் என்னிடம்.

ரீமர் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார், புதன்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கிறது, ஸ்கேட்டை வரவழைத்துக்கொள் என்றார். கிர்பி யோசித்துப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியதும், "நான் க்ளென்வுட்டுக்குப் போறேன்ம்மா, மெதுவாவே வளர்றேன்" என்றான். பிறகு ஆறு முட்டை சாப்பிட்டான். முடிவு அவனுடையது டார்சி, யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அந்த ஆட்டத்தை ஆடியிருந்தால் புதன்கிழமை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியே இருந்திருக்காது, அது ஒன்றுதான். அப்பாவிடம் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "யாராவது ஸ்கேட்டை மறப்பாங்களாப்பா?" என்று கேட்டான். அவர், "வயசாகுதுடா" என்று சொல்லிவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டார்.

இனி எழுதப்போவதைக் கிர்பியிடம் சொல்லாதே, நீங்கள் இருவரும் கிழவர்களான பிறகு வேண்டுமானால் சொல். திங்கட்கிழமை காலையில் அப்பாவின் வண்டி வந்து நின்றபோது நான் வாசலில் இருந்தேன், நன்றாகத் திட்டுவதற்காகவே காத்திருந்தேன். கதவைத் திறந்து பார்த்தால் பக்கத்து சீட்டில் ஸ்கேட்டுகள். கத்திக்கு உறை மாட்டி, கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற அவருடைய நல்ல கம்பளிக் கோட்டில் சுற்றி, உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டிருந்தது. மறந்துபோன பொருளுக்கு யாராவது பெல்ட் போடுவார்களா? ரேடியோ அணைந்திருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "மழை வரலையே" என்றார். "வரலை" என்றேன். சாப்பிடக்கூட இல்லை, நேரே வயலுக்குப் போய்விட்டார். அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். முப்பது வருஷத்தில் அந்த மனிதரை இத்தனை பிடித்த நாள் எனக்கு வேறில்லை, அதை அவரிடம் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

குளிருக்கு முன்னால் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், ஹெல்மெட்டின் தாடைப்பட்டையை இறுக்கிக் கட்டு, கர்ஸ்டனை ஆட்டம் முடிகிறவரை குளிரில் நிற்கவைக்காதே. கிர்பிக்கு ஒரு போன் செய், யோசனை சொல்ல வேண்டாம், சும்மா பேசு. தேவமாதா உங்கள் இருவரையும் விழாமல், விழுந்தாலும் அடிபடாமல் காப்பாற்றட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் ஸ்கேட்டைக் கொண்டுவா, தம்பியோடு ஏரியில் ஆடலாம். ஆனால் அதை அப்பாவின் வண்டியில் மட்டும் வைக்காதே. வைத்தால், நீ திரும்பிப் போகிற அன்றைக்கு அது கிடைக்காது.

உன் அம்மா,
வெர்னா